பனியாறும் ஃபியர்டும் பார்க்கப் போகும் கப்பலில் எங்கே நிற்பது?

"மேல் டெக்குக்குப் போய்விடுங்கள், எல்லாமே தெரியும்." இயற்கைக் காட்சிக்காகக் கப்பலேறுகிறவர்களுக்கு அதிகம் சொல்லப்படும் யோசனை இதுதான். மேல் டெக்கில் நிறையத் தெரியும் என்பது உண்மை. ஆனால் அங்கே காற்று முகத்தில் அறையும், கண்ணாடித் தடுப்பு பார்வையை மங்கலாக்கும், தண்ணீர் வெகு கீழே போய்விடும். பனியாற்றுக்கு எதிரே கப்பல் நிற்கும் ஒரு மணி நேரத்தை அப்படிச் செலவழிக்க வேண்டியதில்லை.

நிரந்தரமாகச் சிறந்த இடம் என்று கப்பலில் எதுவும் கிடையாது. பார்க்கப்போவது எவ்வளவு உயரம், காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது, கப்பல் அடுத்து எந்தப் பக்கம் திரும்பும் ஆகிய மூன்றும்தான் இடத்தை முடிவுசெய்கின்றன. மூன்றுமே நாள் முழுக்க மாறிக்கொண்டிருக்கும். அதனால் விடியற்காலையில் ஓரிடத்தைப் பிடித்துக் காவல் காப்பதைவிட, மூன்று இடங்களைத் தெரிந்துவைத்துக்கொண்டு எப்போது ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நகர்வது என்று அறிந்திருப்பது பலமடங்கு பலன் தரும்.

முதலில் வரைபடம்

கப்பலைப் பற்றி யோசிப்பதற்கு முன் பாதையைப் பாருங்கள். கப்பல் போகும் திசையை நோக்கி நிற்கும்போது இடக்கைப் பக்கம் 'போர்ட்', வலக்கைப் பக்கம் 'ஸ்டார்போர்ட்'. ஒலிபெருக்கி அறிவிப்புகளில் இந்தச் சொற்கள்தான் வரும். சில சமயம் கடிகார முள் கணக்கிலும் சொல்வார்கள்: 12 மணி என்றால் நேர் முன்னே, 3 மணி என்றால் நேர் வலப்புறம், 9 மணி என்றால் நேர் இடப்புறம். இதை முன்கூட்டியே மனதில் பதித்துக்கொண்டால், மற்றவர்கள் கையை நீட்டித் தேடிக்கொண்டிருக்கும்போது உங்கள் கண் சரியான இடத்தில் இருக்கும்.

பக்கம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு பீகிள் கால்வாய் நல்ல சான்று. தென் அமெரிக்காவின் தென்கோடியில், அதன் வடமேற்குக் கிளையில் டார்வின் மலைத்தொடரிலிருந்து இறங்கும் பனியாறுகள் வரிசையாக வருகின்றன. ஹாலண்டா, இத்தாலியா, ரொமான்ஷ் என்று நாடுகளின், கப்பலின் பெயர் தாங்கிய அந்தப் பனியாறுகள் எல்லாமே வடகரையில்தான் இருக்கின்றன. அர்ஜென்டினாவின் துறைமுக நகரான உஷுவாயாவிலிருந்து மேற்கே போகும் கப்பலில் அவை வலப்பக்கம் வரும். எதிர்த்திசையில் வரும் கப்பலில் இடப்பக்கம். தவறான பக்கத்து பால்கனியில் உட்கார்ந்திருப்பவருக்கு தென்கரை மட்டும்தான் கிடைக்கும்.

நார்வேயின் கெய்ராங்கர் ஃபியர்டில் (செங்குத்து மலைகளுக்கு நடுவே உள்ளே நீளும் குறுகிய கடற்கிளை) கதை வேறு. 15 கி.மீ நீளமுள்ள அந்த நீர்ப்பாதையில் கப்பல் கிழக்கு நோக்கி உள்ளே போகும். 'ஏழு சகோதரிகள்' அருவி வடகரையில், அதாவது உள்ளே போகும்போது இடப்பக்கம். அதற்கு எதிரே தென்கரையில் இருப்பது 'ஃப்ரியாரன்' அருவி. இரண்டுக்கும் நடுவே கப்பல் கடக்கும் நேரம் மிகக் குறைவு. ஆனால் போன வழியிலேயே திரும்பி வர வேண்டும் என்பதால், காலையில் விட்டதை மாலையில் பக்கம் மாற்றிப் பிடித்துவிடலாம். நியூசிலாந்தின் மில்ஃபோர்டு சவுண்டிலும் இதே வசதி உண்டு: டாஸ்மன் கடலிலிருந்து உள்ளே நுழையும்போது ஸ்டிர்லிங் அருவி இடப்பக்கம், மைட்டர் சிகரம் வலப்பக்கம்.

ஆக, முதல் கேள்வி 'எந்தப் பக்கம்' என்பதல்ல. 'கப்பல் அதே வழியில் திரும்புமா, ஒரே திசையில் கடந்துபோய்விடுமா' என்பதுதான். திரும்பும் பாதையில் பக்கத்தைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. கடந்துபோகும் பாதையில் பக்கம்தான் எல்லாம்.

இன்னொன்று, வெயில். கிழக்கு மேற்காக ஓடும் ஃபியர்டில், வடகோளத்தில், வடகரைச் சுவர் தெற்கே பார்த்து நிற்பதால் அதில் வெளிச்சம் விழும். தென்கரைச் சுவர் பெரும்பாலும் நிழலில் கிடக்கும். படம் எடுப்பவர்கள் இதை வரைபடத்தைப் பார்த்தே கணக்கிட்டுவிடலாம்.

பாதையைத் தெரிந்துகொள்ள இணைய இணைப்பு தேவையில்லை. கிளம்பும் முன்பே அந்தப் பகுதியின் வரைபடத்தைக் கைப்பேசியில் தரவிறக்கிக்கொள்ளுங்கள். விமானப் பயன்முறையில்கூட ஜிபிஎஸ் வேலை செய்யும். ஆனால் உள் கேபினில் எஃகுச் சுவர்களுக்கு நடுவே சிக்னல் கிடைக்காது, வெளி டெக்கில் கிடைக்கும். கைப்பேசியின் திசைகாட்டியை மட்டும் நம்பாதீர்கள். சுற்றிலும் எஃகு இருப்பதால் ஊசி தப்பாகக் காட்டும். நகரும் புள்ளியைப் பார்த்துக் கப்பல் எந்தப் பக்கம் போகிறது என்று முடிவுசெய்வதே சரி. கேபின் தொலைக்காட்சியில் கப்பலின் இருப்பிடத்தைக் காட்டும் சேனல் இருந்தால் அதுவும் உதவும். காற்றின் திசையும் வேகமும் பல கப்பல்களில் அதிலேயே வரும்.

டெக் பிளானில் ஒளிந்திருக்கும் இடங்கள்

கப்பல் நிறுவனம் வெளியிடும் டெக் பிளானில் நீச்சல் குளமும் உணவகமும் பளிச்சென்று வண்ணத்தில் இருக்கும். நமக்கு வேண்டியது வண்ணமே இல்லாத பகுதிகள். கேபின் தளங்களின் முன்கோடியைப் பாருங்கள். நடைபாதை முடிந்த பிறகு, கப்பலின் முகப்புச் சுவருக்கு வெளியே மெல்லிய வெள்ளைப் பட்டை தெரிந்தால் அங்கே திறந்தவெளி மாடம் இருக்க வாய்ப்புண்டு. அதற்குப் பெயர் போட்டிருக்க மாட்டார்கள், வழிகாட்டிப் பலகையும் இருக்காது. நடைபாதையின் கோடியில் கனமான எஃகுக் கதவு ஒன்று இருக்கும், அவ்வளவுதான். பிரின்சஸ், கார்னிவல் நிறுவனங்களின் பல கப்பல்களில் இப்படிப்பட்ட மாடங்கள் உண்டு. நூற்றுக்கணக்கானோர் மேல் டெக்கில் நெருக்கிக்கொண்டிருக்கும்போது இங்கே சிலர் மட்டும் நின்றிருப்பார்கள்.

பிளானில் உறுதியாகத் தெரியாவிட்டால் கப்பலை நேர் முன்னாலிருந்து எடுத்த புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். வெள்ளை முகப்பில், பாலத்துக்கு (கேப்டன் கப்பலை இயக்கும் அறை) கீழேயோ மேலேயோ கிடைமட்டமாகக் கைப்பிடிக் கம்பிகள் ஓடினால் அது ஆட்கள் நிற்கக்கூடிய இடம். பயணிகளுக்குத் திறந்ததா, ஊழியர்களுக்கு மட்டுமா என்பது கதவில் எழுதியிருக்கும். ஊழியர் மட்டும் என்றால் கதவைத் தொடவேண்டாம். எதுவும் எழுதாத கதவு என்றால் வரவேற்பு மேசையில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் திறங்கள்.

பிளானில் இன்னொன்றையும் சரிபாருங்கள். புதிய பெரிய கப்பல்களில் மேல் டெக்கின் முன்பகுதியை ஸ்பா வாடிக்கையாளர்களுக்கோ சூட் அறைக்காரர்களுக்கோ ஒதுக்கிவிடுகிறார்கள். படத்தில் அழகான முன்தளம் தெரிகிறதே என்று நம்பி முன்பதிவு செய்தால், அன்று அந்தக் கதவு உங்கள் அட்டைக்குத் திறக்காது. அதேபோல் எல்லாக் கப்பலிலும் புரொமனேட் டெக் (கப்பலின் ஓரமாக ஓடும் திறந்த நடைத்தளம்) முழுச் சுற்றாக ஓடுவதில்லை. சிலவற்றில் முன்பக்கமும் பின்பக்கமும் அடைபட்டு, இரண்டு தனித்தனி நடைபாதைகளாகவே இருக்கும். பக்கம் மாற உள்ளே நுழைந்து குறுக்கே போய் மறுபடி வெளியே வர வேண்டும். முழுச்சுற்று புரொமனேட் உள்ள கப்பல், என் மதிப்பீட்டில், பால்கனி அறையைவிடப் பெரிய சொத்து. ஹாலண்ட் அமெரிக்கா நிறுவனத்தின் கப்பல்கள் இதற்குப் பெயர்பெற்றவை.

புரொமனேடில் உயிர்காக்கும் படகுகள் எங்கே தொங்குகின்றன என்பதையும் பாருங்கள். தலைக்கு மேலே தொங்கினால் எதிரே பார்வை திறந்திருக்கும். கண்மட்டத்தில் தொங்கினால் நீங்கள் பார்ப்பது படகின் விலாப்புறத்தைத்தான். அப்படிப்பட்ட கப்பலில் இரண்டு படகுகளுக்கு நடுவிலுள்ள இடைவெளிகளையும், படகு வரிசை முடியும் பின்கோடியையும் முதல் நாளே குறித்துக்கொள்ளுங்கள்.

கப்பலேறிய அன்று மாலையே ஒரு நடை. கீழ்த் திறந்த டெக்கிலிருந்து தொடங்கி மேலே வரை, ஒவ்வொரு தளத்திலும் முன்கோடிக் கதவு, பின்கோடிக் கதவு இரண்டையும் பாருங்கள். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, வெளியே நின்றால் தலைக்கு மேல் கூரை உண்டா, கைப்பிடியா சுவரா என்பதைக் கவனித்தால் போதும். அரை மணி நேர வேலை.

காற்று

வெளியே நிற்பவரைத் திரும்ப உள்ளே துரத்துவது குளிரைவிடக் காற்றுதான். கப்பல் 20 நாட் வேகத்தில் போனால், காற்றே இல்லாத நாளிலும் முன்முனையில் மணிக்கு 37 கி.மீ வேகத்தில் காற்று அடிக்கும். எதிர்க்காற்று 15 நாட் இருந்தால் இரண்டும் கூடி மணிக்கு 65 கி.மீ. வெப்பநிலை 5 டிகிரி செல்சியஸ் இருக்கும்போது 37 கி.மீ காற்று பட்டாலே உடம்பு அதை 0 டிகிரியை ஒட்டிய குளிராக உணரும். கண்ணில் நீர் வழிய, தொலைநோக்கியைப் பிடித்திருக்கும் கை ஆட, எதையும் பார்க்க முடியாது.

அதே கப்பல் பனியாற்றை நெருங்கும்போது வேகத்தை வெகுவாகக் குறைத்துவிடும். அப்போது முன்முனை நிற்கத்தக்க இடமாகிவிடும். ஆகவே கப்பல் விரைந்து போகும் நேரத்தில் பின்பக்கமோ காற்று மறைவுப் பக்கத்துப் புரொமனேடோ, வேகம் குறைந்ததும் முன்பக்கம். இந்த ஒரு விதியைப் பின்பற்றினாலே பாதிக் குளிரைத் தவிர்க்கலாம்.

மேல் டெக் கண்ணாடித் தடுப்புகள் காற்றை மறைக்கத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை நிறம் பூசியவை, உப்புப் படிந்தவை. கண்ணாடி வழியாகப் பனியாற்றின் நீலம் சாம்பலாகத் தெரியும். கண்ணாடிகளுக்கு நடுவே கையகல இடைவெளி இருக்கும். லென்ஸை அந்த இடைவெளியில் வைத்து எடுங்கள். கண்ணாடி முடியும் மூலைகளில் காற்று சுழன்றடிக்கும், தொப்பி பறப்பது பெரும்பாலும் அங்கேதான். தாடைக்குக் கீழே கட்டும் கயிறில்லாத தொப்பியை வெளியே கொண்டுவராதீர்கள். பறந்தது கடலில் குப்பையாகிவிடும்.

பின்பக்கத்துக்கும் ஒரு குறை உண்டு. கப்பல் மெதுவாகப் போகும்போது பின்னாலிருந்து காற்று வந்தால் புகைபோக்கியின் புகை மேலேயே தங்கிப் பின்தளத்தில் கரித்தூளாக இறங்கும். கைப்பிடியில் கருந்துகள் படிந்திருந்தால் அது அடிக்கடி நடக்கும் இடம் என்று அர்த்தம், வெளிர்நிற உடையோடு சாயாதீர்கள். பின்பக்கத்தின் பெரிய லாபம், அங்கிருந்து இரண்டு கரையும் ஒரே நேரத்தில் தெரியும் என்பது. குறுகிய நீர்ப்பாதையில் கப்பல் வளைந்து வளைந்து போகும்போது, கடந்து வந்த மலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடிக்கொள்வதை அங்கிருந்துதான் பார்க்க முடியும். எல்லோரும் முன்னால் ஓடுவதால் இடமும் கிடைக்கும்.

பனியாற்று நாள்: கிளேசியர் பே

அலாஸ்காவின் கிளேசியர் பே தேசியப் பூங்காவுக்குள் ஒரு நாளைக்கு அதிகபட்சம் 2 பெரிய பயணக் கப்பல்களுக்குத்தான் அனுமதி. பூங்காவின் ரேஞ்சர்கள் விரிகுடாவின் வாய்ப்பகுதியில் சிறு படகில் வந்து கப்பலில் ஏறி, நாள் முழுக்க ஒலிபெருக்கியில் விளக்குவார்கள். அந்தக் குரல் எங்கே தெளிவாகக் கேட்கும் என்பதும் இடத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம். பால்கனிகளில் பல சமயம் கேட்காது. தொலைக்காட்சியில் கப்பலின் வெளிக் கேமரா சேனலை வைத்துக் கதவைத் திறந்துவைத்தால் பெரும்பாலும் அங்கேயும் கேட்கும்.

காலை நேரத்தில் கப்பல் வடக்கு நோக்கி ஏறும். கீழ்விரிகுடாவில் மார்பிள் தீவுகளில் ஸ்டெல்லர் கடற்சிங்கங்களும் பஃபின் பறவைகளும் இருக்கும். இதற்குத் தாழ்ந்த தளம்தான் சரி. மேலிருந்து பார்த்தால் பஃபின் ஒரு புள்ளி. அடுத்து வலப்பக்கம் க்ளூமி நாப் என்னும் மொட்டைப் பாறைமலை. அதில் மலையாடுகள் வெள்ளைப் புள்ளிகளாக நிற்கும். புள்ளி நகர்ந்தால் ஆடு, நகராவிட்டால் பனி. பிறகு மேற்குக் கிளையில் ரீட், லாம்ப்ளூ பனியாறுகள் இடப்பக்கம் வரும். இதுவரை புரொமனேடில் பக்கம் மாறி மாறி நின்றால் போதும்.

டார் இன்லெட் என்னும் குறுகிய கடற்கிளைக்குள் திரும்பும்போது முன்பக்கம் போங்கள். சில கப்பல்களில் வழக்கமாக ஊழியர்கள் மட்டும் புழங்கும் முன்முனையை, நங்கூரச் சங்கிலியும் ஹெலிகாப்டர் தளமும் இருக்கும் பகுதியை, அன்றைக்கு மட்டும் திறந்துவிடுவார்கள். ஹாலண்ட் அமெரிக்கா கப்பல்களில் அங்கே பட்டாணி சூப் கொடுப்பது வழக்கம். எப்போது திறப்பார்கள் என்பது முந்தைய இரவு அறைக்கு வரும் நிகழ்ச்சிநிரலிலோ செயலியிலோ இருக்கும், இல்லாவிட்டால் கேளுங்கள். திறக்கும் நேரத்துக்கு 20 நிமிடம் முன்னால் கதவருகே இருந்தால் கைப்பிடியோரம் கிடைக்கும். முன்முனையின் சுவர் சில கப்பல்களில் மார்பளவு உயரமான மூடிய எஃகு. குழந்தைகளுக்கு அங்கே எதுவும் தெரியாது. தூக்கிப் பிடிப்பதும் சுவரில் ஏற்றுவதும் கூடவே கூடாது. குழந்தைகளோடு போகிறவர்கள் கம்பி கைப்பிடியோ கண்ணாடித் தடுப்போ உள்ள தளத்தைத் தேர்ந்தெடுங்கள்.

மார்ஜரி பனியாறு இன்லெட்டின் கோடியில் முன்-இடப்பக்கம் தோன்றும். சுமார் 1.6 கி.மீ அகலம், தண்ணீருக்கு மேல் சுமார் 75 மீட்டர் உயரம். அதற்கு அடுத்து, கோடியில் அழுக்கு மண்மேடு போலக் கிடப்பது கிராண்ட் பசிஃபிக் பனியாறு. பாறைத்தூள் மூடியிருப்பதால் பலர் அதைப் பனியாறு என்றே கவனிப்பதில்லை.

இனிதான் கவனிக்க வேண்டிய கட்டம். கப்பல் பனியாற்றை நோக்கி மூக்கை நீட்டிக்கொண்டு வரும்வரைதான் முன்முனை சிறந்த இடம். வந்து சேர்ந்ததும் கேப்டன் கப்பலைப் பக்கவாட்டில் திருப்பி ஒரு பக்கத்தைக் காட்டுவார், பிறகு மெல்லச் சுழற்றி மறுபக்கத்தைக் காட்டுவார். கப்பல் பக்கவாட்டில் நிற்கும்போது முன்முனையில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே ஓரத்தில் குவிவார்கள், பின்னால் நிற்பவருக்குத் தலைகள்தான் தெரியும். அந்த நேரத்தில் புரொமனேடின் முழு நீளமும் முன்வரிசை. கீழே இறங்கி வந்துவிடுங்கள். எந்தப் பக்கம் முதலில் என்று ரேஞ்சரோ கேப்டனோ அறிவிப்பார். அறிவித்ததும் எல்லோரும் அந்தப் பக்கம் ஓடுவார்கள். அடுத்து வரப்போகும் பக்கத்தில் முன்கூட்டியே போய் நின்றால், சுழற்சி முடியும்போது நீங்கள் கைப்பிடியோரம் இருப்பீர்கள். எனக்குப் பிடித்த இடம் புரொமனேடின் பின்கோடி மூலை. சுழற்சியின்போது சில அடிகள் நகர்ந்தாலே இரண்டு பக்கமும் கிடைத்துவிடும், பனியாறு பார்வையை விட்டு மறைவதே இல்லை.

பனியடுக்கு உடைந்து விழுவதைப் பார்க்க விரும்புகிறவர்கள் சத்தத்துக்காகக் காத்திருக்கக்கூடாது. ஒலி விநாடிக்கு 340 மீட்டர்தான் போகும். கப்பல் 800 மீட்டர் தள்ளி நின்றால் இடி போன்ற அந்த ஓசை 2 விநாடிக்கு மேல் தாமதமாகத்தான் வரும். கேட்டுத் திரும்புவதற்குள் சிறிய துண்டுகள் விழுந்தே முடிந்திருக்கும். பதிலாக, முகப்பில் ஓரிடத்தைத் தேர்ந்தெடுத்து அதையே கவனியுங்கள். புதிதாக உடைந்த இடம் ஆழ்ந்த நீலமாக இருக்கும். சின்னச் சின்னப் பனிச்சரளை விடாமல் உதிரும் இடத்தில் பெரிய துண்டு விழ வாய்ப்பு அதிகம். தண்ணீரில் சேற்றுநிறம் கலங்கி, பறவைகள் மொய்க்கும் இடத்தையும் பாருங்கள். பனியாற்றின் அடியிலிருந்து நீர் அங்கேதான் பீறிட்டு வருகிறது. அங்கே பனியின் அடிப்பகுதி அரிக்கப்படும். பெரிய துண்டு விழுந்தால் அலை கப்பலை எட்டச் சற்று நேரமாகும். ஒரு கை கைப்பிடியில் இருக்கட்டும்.

முதல் 20 நிமிடத்தில் இருக்கும் கூட்டம் கடைசி 20 நிமிடத்தில் இருக்காது. குளிரும் பசியும் பலரை உள்ளே கொண்டுபோய்விடும். முழு நேரமும் வெளியே நிற்க வலு இல்லையென்றால் முதல் பாதியில் உள்ளே சூடாக ஏதாவது குடித்துவிட்டு, இரண்டாம் பாதியில் வெளியே வாருங்கள்.

அலாஸ்காவின் ஹப்பர்டு பனியாறு வேறு கணக்கு. அதன் கடல்முகம் சுமார் 10 கி.மீ அகலம். இங்கே தூரம்தான் பிரச்சினை. மிதக்கும் பனிக்கட்டிகள் அடர்ந்திருந்தால் கப்பல் வெகு தொலைவிலேயே நின்றுவிடும். அவ்வளவு அகலத்தை ஒரே பார்வையில் அள்ள மேல் டெக் உதவும். மிதக்கும் பனிமேல் படுத்திருக்கும் கடல்நாய் (சீல்) குட்டிகளையும், கப்பலின் விலாவில் பனி உரசும் ஓசையையும் கவனிக்கக் கீழ்த்தளம். அங்கே இரண்டுக்கும் நேரம் ஒதுக்குங்கள்.

ஃபியர்டில் கூரை எதிரி

பனியாற்றுக்குச் சொன்ன கீழ்த்தள யோசனையை ஃபியர்டுக்கு அப்படியே கொண்டுபோகாதீர்கள். அங்கே பார்க்க வேண்டியது தலைக்கு மேலே இருக்கிறது. 500 மீட்டர் தள்ளி 1,000 மீட்டர் செங்குத்துச் சுவர் நின்றால், அதன் உச்சியைப் பார்க்க 60 டிகிரிக்கு மேல் அண்ணாந்து பார்க்க வேண்டும். புரொமனேடுக்கு மேல் கூரையும் படகுகளும் நீட்டிக்கொண்டிருக்கும். நீங்கள் பார்ப்பது மலையின் அடிவயிறு மட்டும். பால்கனியிலும் மேல்மாடி பால்கனியின் அடித்தளம் இதே வேலையைச் செய்யும். ஆகவே கெய்ராங்கர், மில்ஃபோர்டு போன்ற இடங்களில் தலைக்கு மேல் ஆகாயம் தவிர எதுவும் இல்லாத தளமே வேண்டும். முன்கோடி மாடம், மேல் டெக், பின்புறப் படிக்கட்டு மாடங்கள் எல்லாம் சரி.

மழை வந்தால் இந்த விதி தலைகீழ். மில்ஃபோர்டில் ஆண்டுக்கு 6,000 மி.மீக்கு மேல் மழை பெய்கிறது. பெய்யும்போது சுவர் முழுக்கத் தற்காலிக அருவிகள் நூற்றுக்கணக்கில் கொட்டும். தெளிந்த நாளைவிட மழைநாளில்தான் அந்த இடம் உயிரோடு இருக்கிறது என்பேன். கூரையுள்ள புரொமனேடில் நின்று பாருங்கள். மேகம் உச்சியை மூடியிருப்பதால் கூரை மறைப்பதில் பெரிய நஷ்டமும் இல்லை. கெய்ராங்கரில் அருவிகளின் வேகம் பனி உருகும் மே, ஜூன் மாதங்களில் அதிகம். கோடை முடியும்போது ஏழு சகோதரிகளில் சிலர் மெலிந்துவிடுவார்கள்.

பனாமா

பனாமா கால்வாயில் காட்சி மலையோ பனியோ அல்ல, இயந்திரம். பழைய லாக்குகளின் (நீர்மட்டத்தை மாற்றிக் கப்பலை ஏற்றி இறக்கும் கதவுள்ள அறைகள்) அகலம் 33.5 மீட்டர். அவற்றுக்கென்றே அளவெடுத்துக் கட்டிய கப்பலின் அகலம் 32.3 மீட்டர். இரு பக்கமும் சுமார் 60 செ.மீதான் மிச்சம். அதைப் பார்க்க வேண்டிய இடம் புரொமனேட்: சுவர் கைக்கெட்டும் தூரத்தில் மேலேயும் கீழேயும் நகரும், 'மியூல்' என்னும் இழுவை இயந்திரங்கள் பக்கத்திலேயே ஏறி இறங்கும். 2016இல் திறந்த புதிய லாக்குகள் வழியாகப் போகும் பெரிய கப்பலில் மியூல்கள் கிடையாது, இழுவைப் படகுகள்தான். உங்கள் கப்பல் எந்த வழி என்பதை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

அட்லாண்டிக்கிலிருந்து வருகிறவர்கள் காதுன் லாக்குகளில் முதல் கதவு திறக்கும்போது முன்பக்கம், இரண்டாம் அறையில் புரொமனேட், மூன்றாம் அறையில் பின்பக்கம் என்று வைத்துக்கொண்டால் மூன்றும் கிடைத்துவிடும். பின்னால் நின்றால் கதவு மூடுவதும், கடல் மட்டத்திலிருந்து 26 மீட்டர் உயரத்துக்கு வந்துவிட்ட கப்பலுக்குப் பின்னே கடல் தாழ்ந்து கிடப்பதும் தெரியும். அடுத்து வரும் காதுன் ஏரியைக் கடக்கும் நேரம் ஓய்வுக்கு. வெயில் உச்சியில் சுடும், அப்போது நிழலில் இருந்துவிட்டு, மலையை வெட்டி உண்டாக்கிய குலேப்ரா வெட்டுக்கு மறுபடி வெளியே வாருங்கள். பசிஃபிக்கை நோக்கிப் போகும்போது அங்குள்ள கோல்டு ஹில் குன்று இடப்பக்கம்.

திமிங்கலம், தொலைநோக்கி, கேமரா

உயரம் தொலைவைத் தரும். கண் தண்ணீரிலிருந்து 12 மீட்டர் உயரத்தில் இருந்தால் தொடுவானம் சுமார் 12 கி.மீ, 40 மீட்டரில் இருந்தால் 22 கி.மீக்கு மேல். திமிங்கலம் ஊதும் நீராவித் தூணைக் கண்டுபிடிக்க மேலே நில்லுங்கள், கண்டபிறகு பக்கத்தில் பார்க்கக் கீழே வாருங்கள். கூனல் திமிங்கலம் சில முறை மூச்சுவிட்டு வாலைத் தூக்கி ஆழத்துக்குப் போனால் மறுபடி வரச் சில நிமிடங்கள் ஆகும். கப்பல் அதற்குள் நகர்ந்திருக்கும், அதனால் கடைசியாகக் கண்ட இடத்திலிருந்து பின்பக்கமாகத் தேடுங்கள். பின்தளம் இதற்கும் நல்லது.

தொலைநோக்கியில் 10 மடங்கு வேண்டாம். கப்பலின் அதிர்வில் படம் துள்ளும். 7x50 அல்லது 8x42 போதும். கைப்பிடியில் முழங்கையை ஊன்றாதீர்கள். இயந்திர அதிர்வு நேராகக் கண்ணுக்கு வரும். முழங்கையை விலாவோடு ஒட்டி நில்லுங்கள். முக்காலியும் இதே காரணத்தால் பயனில்லை. கேமராவில் விநாடியில் 1/1000 அல்லது அதற்கும் வேகமான ஷட்டர் வைத்தால் அதிர்வு தெரியாது. குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், மாற்று பேட்டரியைச் சட்டையின் உள்பையில் வைத்திருங்கள். குளிர்ந்த கேமராவைச் சூடான அறைக்குள் கொண்டுபோகும் முன் பைக்குள் மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் லென்ஸில் நீர் பூத்து அரைமணி நேரம் போய்விடும்.

கதவும் அடைப்பும்

காற்று பலமானால் முன்பக்கக் கதவுகளையும் மேல் டெக்கையும் கேப்டன் மூடச் சொல்வார். காற்றடிக்கும் பக்கத்துக் கதவை அழுத்த வேறுபாட்டால் திறப்பதே கடினம், திறந்தால் கையைப் பறித்துக்கொண்டு அறையும். கதவின் சட்டத்தில் விரல் வைக்காமல், கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துத் திறங்கள். பின்னால் வருபவருக்காகப் பிடித்துக்கொண்டே நில்லுங்கள். திறக்க மறுத்தால் முரண்டுபிடிக்காமல் மறுபக்கத்துக்குப் போங்கள், அது காற்று மறைவுப் பக்கமாக இருக்கும்.

இரவில் முன்கோடி மாடங்களைப் பெரும்பாலும் பூட்டிவிடுவார்கள், அல்லது விளக்கில்லாமல் வைத்திருப்பார்கள். பாலத்தில் இருப்பவர்களின் கண் இருட்டுக்குப் பழகியிருக்க வேண்டும் என்பதே காரணம். முன்பக்க அறைகளில் இருப்பவர்களைத் திரைச்சீலையை மூடச் சொல்வதும் இதற்காகத்தான். அங்கே கைப்பேசி விளக்கை அடிக்காதீர்கள், ஃபிளாஷும் வேண்டாம். வட ஒளியோ நட்சத்திரமோ பார்க்க வேண்டுமானால் பின்பக்கத் தளங்களில் விளக்குக் குறைவான மூலையைப் பகலிலேயே தேடிவைத்துக்கொள்ளுங்கள். சில கப்பல்களில் வரவேற்பு மேசையில் கேட்டால் சிறிது நேரம் டெக் விளக்குகளைக் குறைத்துவைப்பார்கள்.